கலப்புலோகமும் ஆக்கவுரிமையும்

செம்பும் வெள்ளீயமும் சேர்ந்தால் வெண்கலம்; செம்பும் நாகமும் சேர்ந்தால் பித்தளை. இவை இரண்டும் நம் வீடுகளிற் குத்துவிளக்காகவும் தாம்பாளமாகவும் செம்பாகவும் தலைமுறை தலைமுறையாக விளங்கி வருவன. இவற்றை முதன்முதற் கலந்தவன் யாவன் என்பதை எவரும் அறியார். அவனுக்கு உரிமைப் பத்திரம் வழங்கிய அரசும் இல்லை. இன்றோ, ஓர் உலோகத்தோடு மற்றோர் உலோகத்தை நூற்றுக்கு அரைப் பங்கு கூட்டிய ஒருவர், “இஃது எமது புத்தாக்கம், இருபது ஆண்டுக்கு வேறெவரும் எம் அனுமதியின்றி இதனை ஆக்குதல் கூடாது” என்று அரசிடம் விண்ணப்பித்தல் இயலும். அவ்விண்ணப்பத்தை ஏற்பதா மறுப்பதா என்பதை அதிகாரிகளும் நீதிபதிகளும் எங்ஙனம் துணிகின்றனர் என்பதே நாம் ஈண்டு ஆராயப் புகுந்த பொருள்.

வன்னியிலே வயலும் குளமும் காடும் உண்டு; உலோக ஆராய்ச்சிச் சாலை எங்கே உண்டு, இக்கட்டுரை இம்மலருக்கு எற்றுக்கு என்று அன்பர் சிலர் கேட்டல் கூடும். ஏ–9 வீதி வழியே வவுனியாவிலிருந்து கிளிநொச்சிவரை ஒருமுறை சென்று பார்த்தால் விடை கிடைக்கும். உழவு இயந்திரம் திருத்துங் கராச்சுகளும், வெல்டிங் பட்டறைகளும், கடைசற் பொறிக் கூடங்களும் வீதியின் இருமருங்கும் உள்ளன. கலப்பையின் தகடு, நெல் வெட்டும் இயந்திரத்தின் பல், நீரிறைக்கும் இயந்திரத்தின் சுழல்தட்டு என நாள்தோறும் ஏதேனும் ஒன்று அங்கே மாற்றியமைக்கப்படுகின்றது. நம் பழைய மாணவருட் பலர் இத்தொழில்களில் உள்ளனர். உயர்தர வகுப்பிலே தொழினுட்பவியற் பிரிவு 2013 இல் ஆரம்பமான பின்னர் மாணவரும் இத்துறையிற் கை வைக்கின்றனர். ஒன்றைச் செய்து முடித்தபின் “இது புத்தாக்கம் ஆகுமா?” என்று கேட்கின்றனர். இக்கேள்விக்குப் பெரும்பாலும் இரண்டு விடைகளே கிடைக்கின்றன. ஒன்று, “இது யாருக்கும் தோன்றக்கூடியதுதானே” என்று தட்டிக் கழிப்பது. மற்றையது, சிறு மாற்றம் எதற்கும் மாலை சூட்டி மேடையேற்றுவது. முன்னையது உழைத்தவனின் ஊக்கத்தைக் கெடுக்கும். பின்னையது விண்ணப்பச் செலவென்று கைக்காசைக் கரைக்கும். இரண்டும் ஆராயாது சொல்லப்படும் விடைகள்.

முதலிற் சட்டம் சொல்வதைப் பார்ப்போம். பேற்றன்ற் என்று பொதுமக்கள் வழங்கும் ஆக்கவுரிமையை இலங்கையில் 1906 ஆம் ஆண்டின் கட்டளைச் சட்டம் நெடுங்காலம் ஆண்டு வந்தது. 1979 ஆம் ஆண்டின் 52 ஆம் இலக்கச் சட்டம் அதன் இடத்தைப் பெற்றது. இப்போது நடைமுறையில் உள்ளது 2003 ஆம் ஆண்டின் 36 ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டமாகும். ஒரு புத்தாக்கம் புதியதாய் இருத்தல் வேண்டும், புத்தாக்கப் படி ஒன்றைக் கொண்டிருத்தல் வேண்டும், கைத்தொழிலிற் பயன்படத்தக்கதாய் இருத்தல் வேண்டும் என்று அதன் 63 ஆம் பிரிவு மூன்று தகுதிகளைக் கேட்கின்றது. அவற்றுள் நடுவில் நிற்பதே வழக்குகளை வளர்ப்பது. முன்னரே உலகம் அறிந்தவற்றை எல்லாம் கருத்திற் கொண்டு நோக்குமிடத்து, அத்துறையிற் சாதாரண தேர்ச்சியுடைய ஒருவருக்கு அப்படி வெளிப்படையாகத் தோன்றியிராதாயின், அது புத்தாக்கப் படி என்று 65 ஆம் பிரிவு கூறுகின்றது. வேறு பல நாட்டுச் சட்டங்களும் ஏறத்தாழ இதே சொற்களையே ஆள்கின்றன. ஆதலாற் பிறநாட்டுத் தீர்ப்புக்கள் நம்மைக் கட்டுப்படுத்தாவிடினும் வழிகாட்டுதற்கு உதவுகின்றன.

அந்தச் “சாதாரண தேர்ச்சியுடையவர்” சட்டம் படைத்த ஒரு வினோத மனிதர். தம் துறையில் அச்சேறிய நூல்களையும் சஞ்சிகைகளையும், அவை எந்த மொழியில் இருந்தாலும், அவர் படித்து முடித்திருப்பார். பட்டறைக் கைப்பழக்கம் யாவும் அவருக்குத் தெரியும். ஆயினும் அவரிடம் கற்பனை அற்பம். இப்படி ஒருவரை ஏ–9 வீதியிலும் காணமுடியாது, இலண்டனிலும் காணமுடியாது. எனினும் அவரைக் கண்முன் நிறுத்தி, “ஐயா, விண்ணப்பம் இட்ட அந்த நாளில் இதனைச் செய்து பார்க்க உமக்குத் தோன்றியிருக்குமா? செய்தால் இப்பயன் கிட்டும் என்று எதிர்பார்த்திருப்பீரா?” என்று கேட்பதே பரிசோதனை முழுவதும்.

கலப்புலோகத்தில் இக்கேள்வி ஏனைய பொருள்களிற் காட்டிலும் கடினமாவதற்குக் காரணம் உண்டு. ஒரு பொறியிலே சக்கரத்தோடு சக்கரத்தைச் சேர்த்தால் விளைவை ஓரளவு முன்கூட்டியே கணிக்கலாம். உலோகங்கள் அவ்வாறு கணக்குக்கு அடங்குவனவல்ல. செம்பு மென்மையானது, வெள்ளீயம் அதனினும் மென்மையானது, இரண்டையும் அளவறிந்து கலந்த வெண்கலமோ இரண்டினும் கடினமானது. கூறுகளின் குணங்களை வெறுமனே கூட்டிக் காட்டும் கலவைப் பொருளுக்கு உரிமை இல்லை என்று இந்தியாவின் 1970 ஆம் ஆண்டுச் சட்டம் தன் 3 ஆம் பிரிவிற் சொல்கின்றது. கூட்டலுக்கு அப்பாற்பட்ட குணம் ஒன்று தோன்றிற்றா என்பதையே அச்சட்டம் தேடுகின்றது என்க.

மறுபுறம், கலப்புலோகத்தின் விகிதத்தைச் சிறிது கூட்டிக் குறைத்துப் பார்த்தல் எந்த உலோகவியலாளருக்கும் அன்றாட வேலை. கறிக்கு உப்புப் போதாதென்றால் இன்னொரு சிட்டிகை இடுவதும், கூடிவிட்டால் தேங்காய்ப்பால் விடுவதும் சமையல் அறிந்தவர் அனைவரும் செய்வது. உப்பு ஏற ஏறக் கரிப்பும் ஏறும் என்று எல்லாருக்கும் தெரியும். சரியான அளவைக் கண்டவர் நல்ல சமையற்காரரேயன்றிப் புத்தாக்குநர் அல்லர். ஆனால் ஒருவர் எவரும் இடாத அளவு உப்பை இட, கறி கரிக்காமல் இனித்தது என்றால்? சமையலில் அது நடவாது. உலோகத்தில் ஒருமுறை நடந்தே விட்டது.

அக்கதை மங்கனீசு என்னும் உலோகத்தைப் பற்றியது. அதன் ஒரு தலைப்பு தமிழ்நாட்டிலே தொடங்குகின்றது. ஜோசையா மார்ஷல் ஹீத் என்பவர் சென்னை அரசாங்கத்திற் சேவை செய்த ஆங்கிலேயர். அச்சேவையை விட்டுப் பரங்கிப்பேட்டையில், 1830 ஐ அடுத்த காலத்தில், ஓர் இரும்பு ஆலையை நிறுவினார். சேலத்து இரும்புத் தாதை மரக்கரியால் உருக்கிய ஆலை அது. ஆலை அவரைச் செல்வராக்கவில்லை. ஆயினும் தென்னிந்தியக் கொல்லர் மூசையிலே உருக்குச் செய்யும் முறையை அவர் அங்கே ஊன்றிக் கவனித்தார். அதனைப் பற்றிக் கட்டுரையும் எழுதினார். மேல்நாட்டார் “ஊட்ஸ்” என்று வழங்கிய பெயர் நம் “உருக்கு” என்ற சொல்லின் திரிபு என்பாரும் உளர். பின்னர் இங்கிலாந்து சென்ற ஹீத், உருக்குச் செய்யும் மூசையில் மங்கனீசும் காபனும் சேர்ந்த ஒரு பொருளைச் சிறிதளவு இட்டால், மலிவான ஆங்கில இரும்பிலிருந்தும் நல்ல உருக்கைப் பெறலாம் என்று கண்டு 1839 இல் ஆக்கவுரிமை பெற்றார்.

அதன்பின் நிகழ்ந்ததே சட்டத்துக்கு உரிய பகுதி. மங்கனீசையும் காபனையும் முன்னரே சேர்த்து வைக்கத் தேவையில்லை. மங்கனீசு ஒட்சைட்டையும் காபன் மிக்க ஒரு பொருளையும் நேரே மூசைக்குள் இட்டால் அவை உள்ளேயே சேர்ந்துகொள்ளும், செலவும் குறையும் என்பது பின்னர் தெரியவந்தது. ஹீத்தின் முகவராய் இருந்த அன்வின் என்பவர் இம்மலிவான வழியைத் தாமே கைக்கொண்டு தனியே உருக்குச் செய்யத் தலைப்பட்டார். வழக்கு எழுந்தது. ஆண்டுக்கணக்காக நீதிமன்றம் நீதிமன்றமாக ஏறி இறங்கிற்று. தீர்ப்பும் மாறி மாறி வந்தது. ஹீத் 1851 இற் காலமானார். 1855 இற் பிரபுக்கள் சபை, ஆலோசனை கேட்கப்பட்ட நீதிபதிகளிடையே கருத்துப் பிளவு இருந்தும், அன்வின் பக்கமே முடித்தது. மூசைக்குள் நிகழ்வது ஒன்றேயாயினும், 1839 இல் அத்தொழிலில் இருந்தோர் ஒட்சைட்டு வழியையும் ஹீத் எழுதிய வழியையும் ஒன்றுக்கு ஒன்று ஈடானவை என்று அறிந்திருக்கவில்லை என்பதே அங்கே எடைபோட்டது. நம் அனுதாபம் ஹீத்தின் பக்கமே செல்கின்றது. ஆயினும் அந்த வழக்கு, உரிமை பெற்ற நாளில் அத்தொழிலார் அறிந்தது யாது என்ற கேள்வியை நடுக்கூடத்திற் கொணர்ந்து வைத்துவிட்டது. அதனை ஹீத் இழந்தது பெரும்பாலும் அந்நாளின் பொருட்டே.

மங்கனீசு சிறிதளவு நன்மை செய்யும் என்பது இவ்வாறு உலகறிந்த செய்தி ஆயிற்று. அளவு மிஞ்சினால் தீமை செய்யும் என்பதும் அடுத்த தலைமுறைக்குள் தெரிந்துவிட்டது. நூற்றுக்கு 3 பங்கை அணுகும்போதே உருக்கு நொறுங்கத் தொடங்கும். இன்னும் ஏற்றினால் சம்மட்டி அடியிற் பொடியாகும். அக்காலத்து உலோகவியலாளர் எவரைக் கேட்டிருந்தாலும் “அதற்குமேற் செல்லாதே” என்றுதான் சொல்லியிருப்பார். ஷெபீல்ட் நகரத்து ரொபேட் ஹட்பீல்ட் என்னும் இளைஞர், ஏறத்தாழ இருபத்துநான்கு வயதில், 1882 இல், அதற்குமேலும் சென்றார். 7 வீதத்தைத் தாண்டியபின் நொறுங்குந்தன்மை குறையலாயிற்று. 12, 13 வீதத்தை எட்டியபோது கிடைத்த உருக்கு உடைய மறுத்தது. மேலும் ஒரு வியப்பு. சாதாரண உருக்கைப் பழுக்கக் காய்ச்சி நீரில் தோய்த்தால் அது கடினமாகி எளிதில் உடையும் என்பது எந்தக் கொல்லுலைச் சிறுவனும் அறிந்தது. இந்த உருக்கோ நீரில் தோய்த்தபின் முன்னையினும் வன்மை பெற்று வளைந்து கொடுத்தது. அதன் பெரும்பகுதி இரும்பாய் இருந்தும் காந்தம் அதனைப் பற்றவில்லை. அடிபட அடிபட அதன் மேற்பரப்பு இறுகிற்று. 1883 இல் ஹட்பீல்ட் ஆக்கவுரிமை பெற்றார். கருங்கல் உடைக்கும் ஆலைகளின் தாடைகளும், புகையிரதப் பாதைகளின் சந்திக் கடவைகளும் இன்றும் இவ்வகை உருக்கினால் ஆக்கப்படுகின்றன. முதலாம் உலகப் போரிற் பிரித்தானியப் போர்வீரரின் தலைக்கவசமும் இதனால் ஆக்கப்பட்டதே.

ஹட்பீல்ட் செய்ததை வெறும் சொல்லிற் சொன்னால், மங்கனீசை இன்னும் கொஞ்சம் கூட்டினார், அவ்வளவுதான். எண்ணை மட்டும் பார்ப்பவருக்கு இது உப்புச் சிட்டிகையே. ஆனால் அத்தொழிலின் நூலறிவு முழுவதும் ஒரு திசையைக் காட்டி நிற்க, அவர் மற்றத் திசையிற் சென்றார். அங்கே எவரும் எதிர்பாராததைக் கண்டார். வெளிப்படையன்று என்பதற்கு இதனினும் தெளிவான உதாரணம் எமக்குத் தெரிந்தவரை இல்லை.

இவ்வறிஞரோடு நம் நாட்டுக்கும் ஒரு தொடர்பு உண்டு. 1912 இல் ஹட்பீல்ட், இலங்கையின் பழைய இரும்பையும் உருக்கையும் இரசாயனப் பரிசோதனை செய்து இலண்டன் றோயல் சங்கத்தின் வெளியீட்டில் ஒரு கட்டுரை எழுதினார். பண்டைக்காலத்து உளி முதலானவற்றை அவர் ஆராய்ந்தார். அவற்றில் மங்கனீசு இல்லையென்றே சொல்லத்தக்க நிலையை அவர் குறித்திருக்கின்றார். சமனலவாவிப் பகுதியிலே மலைச்சரிவில் வீசுங் காற்றையே துருத்தியாகக் கொண்டு இரும்பு உருக்கிய பழைய உலைகளை கில் யூலெவ் என்னும் ஆய்வாளர் 1996 இல் உலகறியச் செய்தார். இத்தகைய வித்தைகள் வாய்மொழியிலும் கைப்பழக்கத்திலும் வாழ்ந்து, எழுத்தில் ஏறாமலே மறைந்து போயின. சட்டம் “முன்னரே அறியப்பட்டது” என்று ஒன்றைக் கொள்ளுதற்கு எழுத்தோ பகிரங்கப் பயன்பாடோ சாட்சியாக வேண்டும்.

எழுத்தின் வலிமையைக் காட்டும் வழக்கு ஒன்றை இனிப் பார்ப்போம். உப்புநீர் இரும்பைத் தின்னும் என்பதை ஆனையிறவு உப்பளத்தை அறிந்த நமக்கு எவரும் சொல்லித்தர வேண்டியதில்லை. அவ்வுப்பிலிருந்து எரிசோடாவும் குளோரினும் செய்த பரந்தன் இரசாயனத் தொழிற்சாலை, போர்க்காலத்தில் இயக்கம் நின்றுபோகும்வரை, நம் பகுதியின் பெருந்தொழிலாய் விளங்கியது. சூடான உப்புநீருக்கும் அஞ்சாத உலோகம் ஒன்று வேண்டுமென்பது இத்தகைய ஆலைகள் எல்லாவற்றுக்கும் உரிய தேவை. தைத்தானியம் அதற்கு ஏற்றது. அவ்வுலோகத்தின் தாதாகிய இல்மனைற்று, கொக்கிளாய், புல்மோட்டைக் கடற்கரைகளிற் கருமணலாய்க் கிடப்பதை நம்மவர் அறிவர்.

அமெரிக்காவிலே தைத்தானியக் கம்பனி ஒன்றைச் சேர்ந்த இரு ஆராய்ச்சியாளர், தைத்தானியத்தோடு 0.6 முதல் 0.9 வீதம்வரை நிக்கலும், 0.2 முதல் 0.4 வீதம்வரை மொலித்தனமும் சேர்த்தால், அக்கலப்புலோகம் சூடான உப்புநீரையும் நன்கு தாங்கும் என்று கண்டனர். பயனுள்ள உண்மை, உழைத்துக் கண்ட உண்மை. ஆனால் ஆக்கவுரிமை அலுவலகத்துப் பரிசோதகர், 1970 இல் வெளிவந்த ஒரு சிறிய இரஷியக் கட்டுரையை எடுத்து வைத்தார். அக்கட்டுரையின் வரைபு ஒன்றிலே, 0.75 வீத நிக்கலும் 0.25 வீத மொலித்தனமும் கொண்ட ஒரு கலவை, ஒரு புள்ளியாகக் குறிக்கப்பட்டிருந்தது. உப்புநீரைப் பற்றி அக்கட்டுரையில் ஒரு சொல்லும் இல்லை. “அவர்கள் எமது பயனைக் காணவில்லையே” என்று கம்பனி வாதிட்டது. கீழ் நீதிமன்றம் அதற்கு இணங்கிற்று. 1985 இல் மேன்முறையீட்டு நீதிமன்றம் இணங்கவில்லை. பழைய கலவைக்குப் புதிய குணம் ஒன்றைக் கண்டறிந்தமையால் அக்கலவையே புதியதாகிவிடாது என்று அது கூறிற்று. ஆகவே முதல் இரு கோரிக்கைகளும் புதுமை இன்மையால் வீழ்ந்தன.

மூன்றாவது கோரிக்கையே நம் பொருளுக்கு நேரே உரியது. அது 0.8 வீத நிக்கலும் 0.3 வீத மொலித்தனமும் என்று குறுகி நின்றது. அத்தனை துல்லியமான கலவை இரஷியக் கட்டுரையில் இல்லை. ஆதலின் அது புதியதே. எனினும் அக்கட்டுரையில் 0.75 உக்கு 0.25 என ஒன்றும், 0.94 உக்கு 0.31 என மற்றொன்றும் இருந்தன. இவ்விரண்டுக்கும் அண்மையில் நிற்கும் கலவை இவற்றைப் போலவே நடந்துகொள்ளும் என்று அத்துறையினர் எவரும் எதிர்பார்ப்பர். வேறுபாடாக ஒரு குணத்தையும் கம்பனி காட்டவில்லை. ஆகவே அது புதியதாயினும் வெளிப்படையானது என்று தீர்ந்தது. இலங்கைச் சட்டமும் தன் 62 ஆம் பிரிவிலே வெறும் கண்டறிதலைப் புத்தாக்கத்தினின்றும் விலக்கி வைத்திருக்கின்றமை ஈண்டு நினைக்கத்தக்கது.

பழைய ஏடு ஒன்று பரந்த எல்லையைச் சொல்லியிருக்க, பின்வந்தவர் அதற்குள்ளே ஒரு சிறு பாத்தியை மட்டும் பிடித்தால் யாது செய்வது? அமெரிக்காவிற் பீற்றர்சன் என்பவரின் விண்ணப்பத்தில் 2003 இல் இக்கேள்வி எழுந்தது. வானூர்தி இயந்திரத்தின் வெப்பத்தைத் தாங்கும் நிக்கற் கலப்புலோகம் அது. இரேனியம் 1 முதல் 3 வீதமும், குரோமியம் ஏறத்தாழ 14 வீதமும் கொண்டது. முன்னைய ஏடொன்று இரேனியம் 0 முதல் 7 வீதம், குரோமியம் 3 முதல் 18 வீதம் என்று சொல்லி வைத்திருந்தது. பெரிய வயலுக்குள் எந்தப் பாத்தி நல்ல விளைச்சல் தரும் என்று தேடுவது உழவனுக்கு இயல்பான வேலையே என்று நீதிமன்றம் கொண்டது (உவமை எம்முடையது). தப்புவதற்கு ஒரு வழி உண்டு: அப்பாத்தியில் மட்டும் எதிர்பாராத விளைவு தோன்றுகின்றது என்று காட்டலாம். விண்ணப்பகாரர் 2 வீத இரேனியத்தில் வலிமை கூடுவதைக் காட்டினார். ஆனால் அவருடைய பரிசோதனைகளே 3 வீதத்தில் அது குறைவதையும் காட்டின. கேட்டது 1 முதல் 3 வரை. வியப்பு இருந்ததோ நடுவில் மட்டும். விண்ணப்பம் தோற்றது. அகலக் கேட்டவர் அகலம் முழுவதற்கும் சான்று தருதல் வேண்டும் என்ற இவ்விதியைக் கலப்புலோகத் துறையினர் அடிக்கடி மறந்து விடுகின்றனர்.

உழவருக்கும் பட்டறையாருக்கும் நெருக்கமான வழக்குகள் இரண்டையும் சுருங்கச் சொல்வோம். வெளிப்படைத் தன்மையைப் பற்றி அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1966 இல் அளித்த தலையாய தீர்ப்பு ஒரு கலப்பையைப் பற்றியதே. கல் நிறைந்த நிலத்திற் கலப்பைக் காலுக்கு ஏற்படும் அதிர்ச்சியைத் தாங்கும் ஓர் இணைப்பு அது. வெளிப்படையானது என்று தீர்ப்பாயிற்று. முன்னரே அறியப்பட்டது எது, அதற்கும் இதற்கும் வேற்றுமை யாது, அத்துறையாரின் தேர்ச்சி எவ்வளவு என்று முறையாகக் கேட்கும் பழக்கம் அதிலிருந்து ஊன்றிற்று. நெடுநாளாக உணரப்பட்ட குறையை இது தீர்த்ததா, பிறர் முயன்று தோற்றனரா என்பனவும் துணைச் சான்றாகலாம் என்றும் அத்தீர்ப்புச் சொல்கின்றது. மற்றையது இந்திய வழக்கு. மிர்சாபூரிற் பித்தளைப் பாத்திரங்களைக் கடையும்போது அவற்றைப் பொறியிற் பற்றி நிறுத்துவதற்கு ஒரு வழியைக் கண்டு ஆக்கவுரிமை பெற்ற நிறுவனம் ஒன்றின் உரிமை, 1978 இல் இந்திய உச்ச நீதிமன்றத்தால் நீக்கப்பட்டது. பல்லாண்டாய் அறியப்பட்ட ஒன்றைச் சிறு மாற்றத்துடன் பழைய வேலைக்குப் பொருத்தியது வெறும் பட்டறைத் திருத்தமே என்று நீதிபதி சர்க்காரியா எழுதினார். அத்திருத்தம் உழைப்பாளருக்கு நன்மை செய்திருக்கலாம். நன்மை வேறு, புத்தாக்கப் படி வேறு.

இவ்வளவையும் நம் மண்ணில் நிறுத்திப் பார்ப்போம். பூநகரிப் பக்கத்திலே கிணற்றுநீர் உவர். நீரிறைக்கும் இயந்திரத்தின் சுழல்தட்டு விரைவில் அரிந்து போகின்றது. பட்டறையாளர் ஒருவர் செம்போடு 9 வீத அலுமினியம் சேர்த்து ஒரு சுழல்தட்டை வார்த்து, அது நெடுநாள் நிலைப்பதைக் காண்கின்றார் என்று கொள்வோம். அவர் எந்த நூலையும் பார்க்கவில்லை, தாமாகவே கண்டார். ஆயினும் செம்பும் அலுமினியமுஞ் சேர்ந்த வெண்கல வகை கடல்நீரைத் தாங்கும் என்பது உலகறிந்த செய்தி. கப்பலின் சுழல்விசிறிகள் அதனினத்தாலே வார்க்கப்படுகின்றன. சட்டத்தின் மனிதர் அதனைப் படித்திருப்பார். 9 ஐ 8.5 ஆக மாற்றினாலும் நிலைமை மாறாது. அது உப்புச் சிட்டிகை. இனி, அவர் நூல்கள் யாவும் “சேர்க்காதே, கெடுக்கும்” என்று விலக்கிய ஒரு பொருளைச் சேர்த்தார், அல்லது எவரும் நிறுத்திய எல்லைக்கு அப்பாற் சென்றார், அதனாற் சுழல்தட்டு மும்மடங்கு காலம் உழைத்தது என்று கொண்டால், அவர் ஹட்பீல்டின் பக்கத்தில் வந்து நிற்கின்றார். அவர் கற்றவரா கல்லாதவரா, கண்டது ஆராய்ச்சிச் சாலையிலா ஓலைக் கொட்டகையிலா என்பதைச் சட்டம் கேட்பதில்லை.

ஆனால் அவருக்கு ஒரு பகைவன் உண்டு. அவன் பெயர் பின்புத்தி. வெற்றி பெற்ற கலவையைக் கையில் வைத்துக்கொண்டு பின்னோக்கிப் பார்க்கும் எவருக்கும் வழி நேராகவே தோன்றும். இந்த ஏட்டில் இதைச் சொன்னார்கள், அந்த ஏட்டில் அதைச் சொன்னார்கள், இரண்டையும் சேர்த்தால் இதுதானே என்று சொல்லிவிடலாம். ஏன் சேர்த்தார், சேர்க்க வேண்டாமென்று சொன்னவர் எத்தனை பேர், எத்தனை வார்ப்புக்கள் வெடித்தன என்பவை அப்போது கண்ணிற் படா. நீதிபதிகளும் இக்குற்றத்துக்கு ஆளாவதுண்டு. ஊர்த்திண்ணையில் இருப்போரைச் சொல்லவேண்டுமா?

பின்புத்திக்கு எதிரான சாட்சி, பட்டறையின் நாட்குறிப்பே. நம்மவர் வெற்றியை எழுதிவைப்பர், தோல்வியை எழுதுவதில்லை. ஆக்கவுரிமைக்கோ வெடித்த வார்ப்பின் கணக்கே பெரிதும் வேண்டப்படுகின்றது. எந்நாளில், எவ்வெவ் உலோகம் எத்தனை கிராம், எத்துணை வெப்பம், எவ்வாறு ஆறவிடப்பட்டது, எந்தக் கிணற்றில் எத்தனை மணிநேரம் ஓடியது, நிறை எவ்வளவு குறைந்தது என்று வரிசையாக எழுதப்படல் வேண்டும். கேட்கப்போகும் எல்லையின் இரு கரையிலும் அப்பாலும் ஒவ்வொரு வார்ப்பாவது செய்து பார்த்திருத்தல் வேண்டும். பீற்றர்சனுக்கு நேர்ந்ததை நினைக்க. பழைய இரும்புக் கடையில் வாங்கிய உலோகமாயின் அதன் உட்கூறு யாதென்று பரிசோதனைச் சாலையொன்றிற் சோதித்து அறிதல் இன்றியமையாதது. தெரியாத ஒன்றோடு தெரிந்த ஒன்றைக் கலந்தவருக்குத் தாம் கண்டது யாதென்றே சொல்ல முடியாமற் போகும்.

விண்ணப்பங்களை ஏற்பது கொழும்பிலுள்ள தேசிய புலமைச் சொத்து அலுவலகம். உலகம் அன்றுவரை அறிந்தது யாது என்பது விண்ணப்பம் சேர்ந்த நாளை வைத்தே பெரிதும் கணக்கிடப்படும். ஆகையால், கல்லூரிப் பொருட்காட்சியில் வைப்பதற்கும் பத்திரிகைக்குப் படம் கொடுப்பதற்கும் முன்னரே, அவ்வலுவலகத்தாரிடமோ இத்துறை அறிந்த சட்டத்தரணி ஒருவரிடமோ நாட்குறிப்பைக் கொண்டு சென்று காட்டுதல் நன்று. எம் பழைய மாணவருள் நீதித்துறையிற் பணிபுரிவோர் இவ்வுதவியை மாணவருக்கு மனமுவந்து செய்வர் என்பதில் எமக்கு ஐயமில்லை.